பேங்கு முறிஞ்ச வருஷம்

என் தாத்தாவின் தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் 'கண்டித் தாத்தா' என்றுதான் பெயர். தாது வருஷப் பஞ்சத்தில் நிலத்தை ஒத்தி வைத்துவிட்டுக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போனார், பேங்கு முறிஞ்ச வருஷம் திரும்பி வந்தார், வந்து நிலத்தை மீட்டார். அவரைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். ஆச்சி எத்தனை முறை சொன்னாலும் இதற்கு மேல் ஒரு சொல் கூடாது, குறையாது.

எந்த பேங்கு? பெரியப்பா முதல் எல்லோரும் அர்பத்நாட் என்றே சொல்லிவந்தார்கள். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டிருந்த ஏராளமான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த அடியிலிருந்துதான் அடுத்த வருஷமே இந்தியன் வங்கி பிறந்தது. பேங்கு முறிந்தது என்றால் அந்தத் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது அதுதான், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் தாது வருஷம் 1876. அங்கிருந்து 1906 வரை எண்ணினால் முப்பது வருஷம். முப்பது வருஷம் ஒரு மனுஷன் ஊர் திரும்பாமல் அங்கே என்ன செய்தான் என்ற கேள்வி வரத்தானே செய்யும்? வந்தது. கண்டியில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று ஒரு பேச்சு கிளம்பி, எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் அளவுக்கு நிலைத்துவிட்டது. ஊரிலேயே இருந்து பிள்ளைகளை வளர்த்த அவர் மனைவியைப் பற்றி 'பாவம்' என்ற ஒரு சொல்லோடு எல்லோரும் முடித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பும் அந்தப் 'பாவமும்' எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் இடையில் தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது மச்சிலிருந்து இறக்கிய தகரப் பெட்டி என் கைக்கு வந்தது. "ஏளா, அந்தக் குப்பையை வச்சி என்ன செய்யப் போற?" என்றார் பெரியம்மா. என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சாய்வு மேசை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் எழுதியவர். 'சிவமதம், விவசாயம்', 'நான்கு மாலுக்குட்பட்ட', 'சகல பாத்தியங்களுடன்' என்ற சொற்களைக் கேட்டபடி வளர்ந்தவள் நான். அந்தப் பெட்டி எனக்குக் குப்பையாகத் தெரியவில்லை.

உள்ளே இருந்தவை: ஓலை ஜாதகங்கள் ஒரு கட்டு, ராணி தலை போட்ட முத்திரைத்தாள்களில் எழுதிய பத்திரங்கள் சில, மடித்து மடித்து மடிப்பில் பிய்ந்துபோன ஒரு கணக்குத் தாள்.

முதலில் ஓலை. பழைய ஓலையில் புள்ளி இருக்காது. குறில் நெடில் கொம்புக்கு வித்தியாசம் இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பெயரை மூன்று விதமாகப் படிக்கலாம். ஆனால் தேதி அப்படிக் குழப்பாது, எங்கள் பக்கத்து ஓலையில் கொல்லம் ஆண்டும் இருப்பதால். பிரபவ, விபவ என்று வரும் அறுபது வருஷம் சுற்றிச் சுற்றி வரும். பிலவங்க என்று மட்டும் இருந்தால் அது 1787-ஆ, 1847-ஆ, 1907-ஆ என்று தெரியாது. பக்கத்தில் கொல்லம் 1023 என்று இருந்தால் தீர்ந்தது. கொல்லத்தோடு 824-ஐக் கூட்டினால் ஆவணியிலிருந்து மார்கழிப் பாதிவரை இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும், அதற்கப்புறம் ஆடி முடிய 825-ஐக் கூட்ட வேண்டும். கண்டித் தாத்தாவின் ஓலை கொல்லம் 1023, பிலவங்க வருஷம், தை மாதம். அதாவது 1848 தொடக்கம். பஞ்சத்தின்போது அவருக்கு 29 வயது நடந்துகொண்டிருந்தது.

அவருடைய பிள்ளைகளின் ஓலைகளும் அதே கட்டில் இருந்தன. மூத்தவர், அதாவது என் தாத்தாவின் அப்பா, ஸ்ரீமுக வருஷம், 1873. அடுத்த ஓலை பார்த்திப வருஷம், 1885. நடுவே பன்னிரண்டு வருஷம் எதுவும் இல்லை. பிறந்து இறந்த குழந்தையின் ஓலையை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, ஆகவே இதை மட்டும் வைத்து அவர் ஊரில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 1885-இல் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. அப்படியானால் 1906 எங்கிருந்து வந்தது?

அதற்கான பதில் ஒத்திப் பத்திரத்தில் இருந்தது. தாது வருஷம் மார்கழி, கொல்லம் 1052. பஞ்சம் பெல்லாரியையும் சேலத்தையும் அழித்த அளவுக்குத் தாமிரபரணிக் கரையை அழிக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தாலும் ஆறு இருந்தது. ஆனால் நெல் விலை ஆற்றைப் பார்த்து ஏறுவதில்லை. மாகாணம் முழுக்கப் பருவமழை பொய்த்தபோது தானியம் எங்கே அதிக விலை போகிறதோ அங்கே ஓடியது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் குறைவு) தானியமும் ஒரு அணாவும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்த காலம் அது. மாகாணத்தின் சுகாதார கமிஷனர் கார்னிஷ், அந்த ஒரு ராத்தலில் வேலை செய்யும் மனுஷன் உயிரோடு இருக்க முடியாது என்று அரசோடு சண்டை போட்டார். அந்த மார்கழியில் என் தாத்தாவின் தாத்தா ஸ்ரீவைகுண்டம் அணைப் பாசனத்தில் இருந்த நஞ்சையை 120 ரூபாய்க்கு ஒத்தி வைத்தார். ஒத்தி என்றால் வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் நிலத்தை உழுது அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுக்கும் வரை விளைச்சல் அவருடையது. அணை கட்டிச் சில வருஷமே ஆகியிருந்த நேரம், அந்த நஞ்சைக்கு நல்ல கிராக்கி இருந்திருக்கும். நூறு ரூபாய்க்கு மேல் என்பதால் பதிவு கட்டாயம். அதனால் பின்பக்கத்தில் 1 புத்தகம், தொகுதி, பக்கம் என்று பதிவு எண்கள் இருக்கின்றன. இன்று கணினியில் வில்லங்கம் போட்டால் அவ்வளவு பழைய காலத்துக்குப் போக முடியாது. ஆனால் அந்த எண்கள் இருந்தால் மனுப்போட்டு நகல் வாங்க வழி இருக்கிறது. நான் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. பெட்டியில் இருந்த தாளில் மட்டும், நகலில் இல்லாத சில வரிகள் இருந்தன.

அவை பின்பக்கத்தில், பதிவு எண்களுக்குக் கீழே, வெவ்வேறு மையில், வெவ்வேறு கையெழுத்தில் எழுதிய வரவுகள். வெகுதானிய வருஷம் தை, 6 ரூபாய். பிரமாதி தை, 5. விக்கிரம தை, 9. விஷு தை, 4. சித்திரபானு தை, 8. சுபானு தை, 9. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: 'மேற்படியார் பெண்சாதி கையால் ரொக்கம் வரவு'. கீழே ஒரு கீறல். எழுதத் தெரியாதவர் போடும் குறி. குறுக்கே ஒரு கோடு, அதன் மேல் சாய்ந்து இன்னொரு கோடு. ஆறு வருஷமும் அதே சாய்வு.

இதை முதலில் படித்தபோது நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டுக் கதையில் நிலத்தை மீட்டது அவர். தாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்தது அவள். 120-இல் 41 ரூபாய். நெல் குத்திக் கொடுத்துப் பிழைத்தாள் என்று ஆச்சி ஒரே ஒரு தரம் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் கூலிக்கு நெல் குத்துவது என்றால் குத்தின அரிசியில் ஒரு பங்குதான் கூலி. அதை விற்று, பிள்ளைக்கும் போட்டு, வருஷம் முடிவதற்குள் ஐந்தோ ஆறோ ரூபாய் சேர்க்க வேண்டும். அறுவடை முடிந்து எல்லோர் கையிலும் கொஞ்சம் காசு புரளும் தை மாதத்தில், தன் நிலத்தின் நெல்லைத் தன் கண் முன்னால் வண்டியில் ஏற்றும் ஆளிடமே போய் அதைக் கொடுத்துக் கீறல் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கொடுக்காவிட்டாலும் அந்த ஆள் கேட்டிருக்கப்போவதில்லை. ஒத்தி எத்தனை நாள் நீள்கிறதோ அத்தனை நாள் அவருக்கு லாபம். அப்படியும் கொடுத்திருக்கிறாள். இதில் 'பாவம்' என்று சொல்ல என்ன இருக்கிறது?

கடைசி வரவு தாரண வருஷம் மாசி, 79 ரூபாய், 'பூராவும் பைசல்'. இங்கேதான் அவர் கையெழுத்து வருகிறது, பெரிய பெரிய எழுத்தாக. 1885 பிப்ரவரி, மார்ச். பார்த்திப வருஷத்தில் குழந்தை பிறந்ததும் இதோடு பொருந்துகிறது. ஆகவே அவர் ஊரில் இல்லாதது அதிகபட்சம் எட்டு வருஷம்.

அப்புறம்தான் பேங்கு. 1884 மே மாதம், தாரண வருஷம் பிறந்து சில வாரங்களில், ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் கதவைச் சாத்தியது. இலங்கையில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்த வங்கி அச்சடித்தது. கவர்னர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவிக்காமல் போயிருந்தால் தோட்டத்துக் கூலிக்காரன் மடியில் முடிந்து வைத்திருந்த நோட்டு வெறும் காகிதமாகியிருக்கும். வங்கி முறிந்ததற்குக் காபியும் ஒரு காரணம். 1869-இல் தலைகாட்டிய இலைப்பூஞ்சை பத்துப் பதினைந்து வருஷத்தில் இலங்கைக் காபியை ஒழித்தது. காபியை நம்பிக் கடன் கொடுத்த வங்கியும் சரிந்தது, வங்கியை நம்பிக் கூலி கொடுத்த தோட்டமும் சரிந்தது. எங்கள் வீட்டு மூன்று வரியில் பொய் எதுவும் இல்லை. பேங்கு முறிந்த வருஷம்தான் அவர் வந்தார். எந்த பேங்கு என்பதை மறந்துவிட்டு, தெரிந்த பேங்கை அதில் வைத்துவிட்டோம். ஒரு மனுஷனுக்கு இருபத்திரண்டு வருஷமும் ஒரு குடும்பமும் கூடிப்போயின.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. பெரியப்பா மகனும் நிறுத்தச் சொன்னான். ஆனால் அந்தக் கணக்குத் தாள் இருக்கிறதே.

அதில் ஊர்ப் பெயர் மாத்தளை என்று ஒரு ஓரத்தில் மட்டும் வருகிறது. அது இல்லாவிட்டாலும் அது இலங்கைத் தாள் என்று கண்டுபிடிக்கலாம். தொகைகள் ரூபாய், சதத்தில் இருக்கின்றன. நம் பக்கம் ரூபாய், அணா, பைசாவில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இலங்கை 1872-லேயே நூறு சதம் ஒரு ரூபாய் என்று மாறிவிட்டது. அரிசி புசல் கணக்கில் இருக்கிறது. எங்கள் பக்கம் என்றால் மரக்கால், கோட்டை என்றுதான் எழுதுவார்கள். வேலை செய்த நாளைப் 'பேர்' என்றும் அரை நாளை 'அரைப்பேர்' என்றும் குறித்திருக்கிறது. தோட்டத்துப் பேச்சு. எண்கள் முழுக்கத் தமிழ் எண்கள். தேதி சுபானு வருஷம் ஆவணி, அதாவது 1883.

பதினான்கு ஆட்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே ஊர், சாதி, போட்ட பேர், வாங்கிய அரிசி, முன்பணம், நிலுவை. எழுத்து கண்டித் தாத்தாவுடையது. ஒத்தி பைசலில் இருக்கும் அதே பெரிய எழுத்து. தாளின் அடியில் தனியாக ஒரு கூட்டல்: தலைக்கு 2 சதம் வீதம், அவருக்கு வரவேண்டியது.

அவர் கூலியாகப் போனார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். போனபோது கூலியாகத்தான் போயிருப்பார். 1883-இல் அவர் சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே ஒரு சிறு கூட்டத்தை வைத்து வேலை வாங்குபவர். அந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் கடனிலும் பசியிலும் கிடப்பவனுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார்கள். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காடு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடை. வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் எவ்வளவோ. வழிச்செலவு, முன்பணம், தோட்டத்தில் வாங்கும் அரிசி எல்லாம் அவன் கணக்கில் பற்று. அவன் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் கங்காணிக்குத் தலைக்காசு. காபித் தோட்டம் நொடிந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் பல மாசக் கூலி பாக்கி நின்றது. இந்தத் தாளிலும் நிற்கிறது. பதினான்கு பேரில் ஒருவருக்குக்கூடக் கணக்கு நேராகவில்லை. எல்லோருக்கும் நிலுவை, எல்லாம் அவர்கள் கொடுக்கவேண்டிய பக்கத்தில். இரண்டு பேருக்கு எதிரே 'இறந்தது' என்று எழுதியிருக்கிறது. ஒருவருக்கு எதிரே 'ஓடினது'. இறந்தவர்களின் நிலுவையையும் அவர் அடிக்கவில்லை. அந்த இரண்டில் ஒன்றை அதே ஊர்க்காரரான இன்னொருவரின் பற்றில் சேர்த்திருக்கிறார். தம்பியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம்.

அந்த 79 ரூபாயில் இந்தத் தலைக்காசு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் இருக்கிறது. எங்கள் நஞ்சை நெல் குத்திய கையாலும் மீண்டது, இந்தப் பதினான்கு பேரின் முதுகாலும் மீண்டது. அவர் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஞ்சத்தில் துரத்தப்பட்டுப் போன ஒருவர், ஏணியில் ஒரு படி ஏறக் கிடைத்தபோது ஏறினார். ஆனால் அந்தப் படியில் யார் தோள் இருந்தது என்பதை அவரே கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கும்போது, நாங்கள் அதை மறைத்துவிட்டு 'உழைத்து நிலத்தை மீட்டார்' என்று மட்டும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது நியாயமில்லை.

மீதி வாழ்க்கையைப் பத்திரங்கள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. நிலம் மீட்ட பிறகு கொஞ்சம் புஞ்சை வாங்கியிருக்கிறார். 1901-இல் மகன்கள் எழுதிக்கொண்ட பாகப் பிரிவினையில் 'எங்கள் தகப்பனார் இற்றைக்கு மூன்று வருஷத்துக்கு முன் காலஞ்சென்று' என்று வருகிறது. ஆக 1898 வாக்கில், ஐம்பது வயதில் போய்விட்டார். மாசி மாத வளர்பிறைத் திரயோதசி என்று திதி மட்டும் வீட்டில் தெரியும், இப்போது வருஷமும் ஓரளவு தெரிகிறது. அதே பத்திரத்தில் அம்மாவுக்கு ஜீவனாம்சமாக வருஷத்துக்கு ஒரு கோட்டை நெல் என்று எழுதி, அங்கே முதல் தடவையாக அவள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் எந்தத் தாளிலும் அவளுக்குப் பெயர் இல்லை. பெண்சாதி, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு கோட்டை! அந்த நஞ்சைக்கு ஆறு வருஷம் பணம் கட்டியவளுக்கு. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அவள் அதிலும் கீறல்தான் போட்டிருக்கிறாள், அதே சாய்வு. பெயரை இங்கே எழுத ஆசைதான். நிலம் சம்பந்தப்பட்டது, பெயர்கள் வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தலைமுறை போடும்போது இனி அவள் பெயரும் வரும். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அந்தப் பதினான்கு பேர் விஷயத்தில்தான் இன்னும் ஒப்பவில்லை. 'நம்ம குடும்பத்துக்கு எதுக்கு இந்த வேலை' என்கிறார்கள். நான் யோசிப்பது வேறு. கண்டித் தாத்தா திரும்பி வந்தார். காபி போய்த் தேயிலை வந்தபோது, திரும்ப வழியில்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். காபிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் கூடினால் போதும், தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் 1948-இன் குடியுரிமைச் சட்டம் நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அதில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலையே பறித்தார்கள். இந்தத் தாளில் இருக்கும் ஒருவரின் கொள்ளுப்பேத்தி இன்று நீலகிரியில் இருக்கலாம், மாத்தளையிலேயே இருக்கலாம். தன் பூட்டன் எந்த ஊரிலிருந்து போனார் என்று அவளுக்குச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் இருக்கலாம். அவளுடைய குடும்பத்து ஆவணம் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

ஆட்களின் பெயரையும் சாதியையும் கடனையும் அப்படியே ஊருக்குக் காட்ட மாட்டேன். ஊர்கள் மட்டும் சொல்கிறேன்: பெரும்பாலும் ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமங்கள், இரண்டு பேர் சாத்தான்குளத்துத் தேரிப் பக்கம். சுபானு வருஷத்தில் மாத்தளைப் பக்கம் இருந்தவர்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்த ஊர்களில் ஒன்றைச் சொல்லி, 'அங்கிருந்து காபிக் காலத்தில் போனோம்' என்று சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள். பூட்டனின் பெயர், அவருடைய அப்பா பெயர், இரண்டும் தெரிந்தால் போதும். தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் அந்த வரியைப் படமெடுத்து அனுப்புகிறேன்.